உறை வாங்கும் முன் உள்ளே வைப்பதை அளந்து பாருங்கள்!
கையடக்க வீடியோ கேம் கருவிக்கான கேஸ்: கடைக்காரர் கவனத்திற்குச் சில குறிப்புகள்



திருமுடிவாக்கம், குன்றத்தூர், பம்மல், பல்லாவரம் வட்டாரத்தில் மளிகைக் கடை என்றால் அரிசி, பருப்பு, எண்ணெயோடு முடிந்த காலம் போய்விட்டது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் செல்போன் சார்ஜர், இயர்போன், டெம்பர் கிளாஸ், பள்ளிப் பிள்ளைகளுக்கான பேனா, ஜியாமெட்ரி பாக்ஸ். இப்போது அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது, கையில் வைத்து ஆடும் வீடியோ கேம் கருவிக்கான கேஸ்.

"மளிகைக் கடைக்காரனுக்கு இது எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம்மைச் சுற்றி இருக்கின்றன. சிங்கப்பூரிலும் துபாயிலும் சித்தப்பாவோ மாமாவோ இருக்கும் வீடுகள் ஏராளம். அவர்கள் லீவுக்கு வரும்போது பிள்ளைக்கு ஒரு கேம் வாங்கி வருகிறார்கள். அது வந்த மறுநாள், "அண்ணாச்சி, இதுக்கு ஒரு கவர் இருக்கா?" என்று பிள்ளை நம் கடை வாசலில் வந்து நிற்கிறது. இல்லை என்று அனுப்ப மனம் வருவதில்லை. அந்த வியாபாரத்தில் நாம் பட்ட அனுபவம் மற்றவருக்குப் பயன்படட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

நமக்கு நேர்ந்தது

ஒரு கோடை விடுமுறைக்கு முன்பு நகரத்தில் ஒரு மொத்த வியாபாரியிடம் 2 டஜன் கேஸ் எடுத்தோம். அட்டையில் அழகான படம். வெளியே கறுப்புத் துணி, உள்ளே சிவப்பு வெல்வெட், கைப்பிடி வேறு. கொள்முதல் 250 ரூபாய், 350-க்கு விற்றோம். பதினைந்தே நாளில் 24-ம் போய்விட்டது. நல்ல சரக்கு என்று மகிழ்ந்திருந்தோம்.

மூன்றாவது வாரம் ஒருவர் வந்தார். தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை. பல வருடமாக மாத மளிகை நம்மிடம்தான். கேஸை மேசை மேல் வைத்தார். "அண்ணாச்சி, மூடினா ஸ்டிக் அழுந்துது. பையன் ஸ்கூல் பேக்ல போட்டு ஊருக்குப் போய்ட்டு வந்தான். இப்போ ஒரு ஸ்டிக் ஒரு பக்கமாவே சாஞ்சு கிடக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து வெர்னியரை எடுத்து கேஸின் உள் ஆழத்தை அளந்தார். 24 மி.மீ. பிறகு கருவியின் கனத்தை அளந்தார். 28-க்கு மேல். "நாலு மில்லி எங்க போகும் அண்ணாச்சி?" என்றார். நம்மிடம் பதில் இல்லை.

கேஸுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ஆனால் கருவி பழுது பார்த்த செலவு அவர் தலையில்தான் விழுந்தது. அடுத்த மாதம் அவர் வீட்டு மளிகைப் பட்டியல் வரவில்லை. 100 ரூபாய் லாபத்துக்கு விற்ற ஒரு கேஸால், பல வருட வாடிக்கை போனது.

அதன் பிறகு இன்னும் 5 கேஸ் திரும்பி வந்தன. மற்ற 18 பேரும் சின்னக் கருவி வைத்திருந்தவர்கள், அதனால் தப்பித்தோம். கணக்குப் பாருங்கள்: 18 கேஸில் லாபம் 1,800 ரூபாய். திரும்பி வந்து விற்க முடியாமல் கிடக்கும் 6 கேஸின் முதல் 1,500 ரூபாய். மிச்சம் 300 ரூபாய். மொத்த வியாபாரியின் பில்லில் 'விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது' என்று அச்சடித்திருந்தது. அதை வாங்கும்போது நாம் படிக்கவில்லை.

முதல் பாடம்: கருவியின் அளவு

நம் தவறு, படத்தைப் பார்த்து வாங்கியது. கருவி எத்தனை வகை, ஒவ்வொன்றும் என்ன அளவு என்று தெரியாமல் கேஸ் வாங்குவது, கால் அளவு கேட்காமல் செருப்பு வாங்குவதற்குச் சமம். எனவே வழக்கமாக வரும் கருவிகளின் அளவை இங்கே தருகிறோம். வெட்டி எடுத்துக் கல்லாவில் ஒட்டிக்கொள்ளலாம்.

நின்டெண்டோ ஸ்விட்ச் (2017 மார்ச்சில் வெளிவந்தது): இருபக்கக் கைப்பிடியோடு நீளம் 239 மி.மீ., அகலம் 102 மி.மீ., உடம்பின் கனம் 13.9 மி.மீ.

ஸ்விட்ச் லைட் (2019 செப்டம்பர்): நீளம் 208, அகலம் 91, உடம்பு 13.9 மி.மீ.

ஸ்விட்ச் ஓலெட் (2021 அக்டோபர்): நீளம் 242, அகலம் 102, உடம்பு 13.9 மி.மீ.

ஸ்விட்ச் 2 (2025 ஜூன்): நீளம் 272, அகலம் 116, உடம்பு 13.9 மி.மீ.

ஸ்டீம் டெக் (2022): நீளம் 298, அகலம் 117, கனம் 49 மி.மீ. எடை 600 கிராமுக்கு மேல். இதற்குப் பெட்டியிலேயே ஒரு கேஸ் சேர்ந்து வருகிறது. ஆகவே இதற்காக நாம் அதிகம் சரக்குப் போட வேண்டியதில்லை.

இங்கேதான் நாம் ஏமாந்த இடம். ஸ்விட்ச் கருவியின் கனம் 13.9 மி.மீ. என்று அட்டையில் போட்டிருக்கும். அது உடம்பின் கனம் மட்டுமே. முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டிக் குமிழ் நுனியிலிருந்து பின்பக்கப் பித்தான் நுனி வரை அளந்தால் 28.4 மி.மீ. வரும். கேஸின் உள் ஆழம் அதற்கு மேல் இருந்தாக வேண்டும். அதேபோல் பழைய ஸ்விட்சுக்கு வாங்கிய கேஸில் ஸ்விட்ச் 2 நுழையாது. நீளத்தில் 33 மி.மீ. வித்தியாசம். 'எல்லா மாடலுக்கும் பொருந்தும்' என்று மொத்த வியாபாரி சொன்னால் நம்ப வேண்டாம்.

மற்றொரு விஷயம், அட்டையில் போட்டிருக்கும் அளவு பெரும்பாலும் வெளி அளவு. சுவரின் தடிமன் இரண்டு பக்கமும் கழியும். உள் அளவைக் கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் டேப்பை எடுத்து நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

இவை தவிர, சில நூறு ரூபாய்க்கு விற்கும் '400 கேம்' கருவிகள் நம் பகுதியில் அதிகம். 1990-களில் பர்மா பஜாரில் நாம் பார்த்த, கட்டம் அடுக்கும் பிரிக் கேமின் தம்பி என்று இதைச் சொல்லலாம். இதற்கு ஒரு சாதாரண ஜிப் பவுச் போதும். கருவியின் விலைக்கே கேஸை விற்கப் பார்ப்பது நியாயமும் அல்ல, நடப்பதும் அல்ல.

பலகை மாதிரி செய்து வையுங்கள்

கொள்முதலுக்குப் போகும்போது கருவியைக் கையில் கொண்டுபோக முடியாது. அதற்கு நாம் செய்த ஏற்பாடு இது. தச்சரிடம் கழிவு ஒட்டுப்பலகை வாங்கி, 239-க்கு 102 மி.மீ. அளவில், 14 மி.மீ. கனத்தில் வெட்டினோம். ஸ்டிக் இருக்கும் இடத்தில் இரண்டு பாட்டில் மூடிகள், பின்பக்கம் மேல் ஓரத்தில் இரண்டு சின்னக் கட்டைகள் ஒட்டினோம். மொத்த உயரம் 28.5 மி.மீ. வரும்படி தேய்த்தோம். செலவு 40 ரூபாய். ஸ்விட்ச் 2-க்கு இன்னொன்று. இரண்டும் பையில் இருக்கும்.

மொத்தக் கடையில் கேஸை எடுத்ததும் மாதிரியை உள்ளே வைக்கிறோம். பாட்டில் மூடியின் தலையில் சாக்பீஸ் தடவி, மூடி ஜிப் போட்டு, நன்றாகக் குலுக்கித் திறக்கிறோம். மேல் மூடியின் உள்பக்கம் வெள்ளைத் தடம் விழுந்தால் அந்தக் கேஸ் ஸ்டிக்கை அழுத்துகிறது என்று பொருள். அதைத் தொடுவதில்லை. தடம் விழாவிட்டால், மூடியின் நடுவில் கட்டைவிரலால் ஓரளவு அழுத்தி மறுபடி திறந்து பார்க்கிறோம். தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் காலை நேரக் கூட்டத்தில் பை எப்படி நசுங்கும் என்பதை நினைத்துக்கொண்டு அழுத்தினால் போதும்.

எந்த வகை, எதற்கு?

இ.வி.ஏ. கடினக் கேஸ்: லேசான செருப்புகளின் அடிப்பாகம் செய்யும் அதே வகைப் பொருள். மேலே துணி ஒட்டிய தகட்டைச் சூடாக்கி அச்சில் அழுத்தி வடிவம் கொடுக்கிறார்கள். எடை குறைவு, நசுங்குவதைத் தாங்கும், கீழே விழுந்தால் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பள்ளிப் பையில் புத்தகத்துக்கும் டிபன் பாக்ஸுக்கும் நடுவே போகும் கருவிக்கு இதுதான் ஏற்றது. நம் சரக்கில் பெரும்பகுதி இதுவாக இருக்கட்டும்.

நியோபிரீன் பவுச்: இழுபடும் ரப்பர் துணி. கீறலைத் தடுக்கும், நசுங்குவதைத் தடுக்காது. பெரிய பைக்குள் தனி அறையில் வைப்பவருக்கு மட்டும் கொடுக்கலாம். அதைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

பி.யு. தோல் கேஸ்: பார்வைக்கு உண்மைத் தோல் போல இருக்கும், கை கேஸை நோக்கித் தானே போகும். ஆனால் நம் ஊர்க் காற்றிலுள்ள ஈரம் பி.யு. பூச்சுக்கு எதிரி. இரண்டு மூன்று வருடத்தில் பூச்சு உதிர்ந்து செதில் செதிலாக வரும். விற்காமல் அலமாரியிலேயே இருந்தாலும் உதிரும். ஆகையால் மொத்தமாக வாங்கிப் போட வேண்டாம். கேட்டால் ஒன்றிரண்டு போதும்.

உண்மைத் தோல்: குரோம் லெதர் கம்பெனியால் குரோம்பேட்டை என்று பெயர் பெற்ற ஊர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. நாகல்கேணி, பம்மல் பக்கம் தோல் பதனிடும் தொழிலும் நாம் அறிந்ததே. தோல் நெடுநாள் உழைக்கும். ஆனால் வெறும் தோல் உறை மெத்தென்று இருப்பதால் நசுங்குவதைத் தடுக்காது. உள்ளே விறைப்பான தகடு வைத்துத் தைத்ததா என்று பார்த்து வாங்க வேண்டும்.

உள்ளே கவனிக்க வேண்டியவை

வெளிப்பக்கம் விற்கும்; உள்பக்கம்தான் வாடிக்கையைக் காப்பாற்றும். பின்வருவனவற்றைக் கடையிலேயே சோதிக்கலாம்.

1. ஜிப்: இருபது முறை திறந்து மூடுங்கள். வளைவு மூலையில் மாட்டுகிறதா? துணி கடிபடுகிறதா? இரண்டு ஓட்டம் உள்ள ஜிப் நல்லது. ஒன்று கெட்டாலும் ஒன்று வேலை செய்யும். ஜிப்பின் பல் கருவியைத் தொடாதபடி உள்ளே துணி மடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

2. சார்ஜர் பை: பல கேஸ்களில் மேல் மூடியில் வலைப் பை வைத்து, அதில் சார்ஜரைப் போடச் சொல்கிறார்கள். மூடியதும் அந்தச் சார்ஜர் நேராகத் திரை மேல் உட்காரும். நடுவில் கெட்டியான தடுப்பு மடல் இருந்தால் மட்டுமே அந்த வகையை வாங்குங்கள்.

3. சாயம்: ஈரமான வெள்ளைத் துணியால் உள் வெல்வெட்டைத் தேயுங்கள். சாயம் ஒட்டினால் வேண்டாம்.

4. வாடை: திறந்ததும் மூக்கைத் துளைக்கும் ரசாயன வாடை வந்தால் வேண்டாம். குழந்தை கையில் போகும் பொருள்.

5. கைப்பிடி: இரண்டு விரலால் தொங்கவிட்டு உதறுங்கள். தையல் பிரிகிறதா என்று தெரிந்துவிடும்.

6. கேம் அட்டை வைக்கும் பள்ளம்: ஸ்விட்சின் கேம் அட்டை தபால் தலை அளவுதான். இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். தலைகீழாகத் தட்டினால் விழக் கூடாது. சின்னக் குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்பதற்காக அந்த அட்டையில் கசப்புப் பூச்சே பூசியிருக்கிறது நின்டெண்டோ. தயாரித்தவரே அவ்வளவு யோசித்திருக்கும்போது, விற்கும் நாமும் கொஞ்சம் யோசிக்கலாம்.

வாடிக்கையாளரிடம் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கருவியை அணைத்த பிறகே கேஸில் வைக்க வேண்டும். கேஸுக்குள் வைத்தபடியே சார்ஜ் போடக் கூடாது. சூடு வெளியேற வழி இல்லை. 5 முதல் 35 டிகிரி வெப்பத்துக்குள் பயன்படுத்த வேண்டிய கருவி அது. சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுப் போவதற்கு எந்தக் கேஸும் மருந்தல்ல. 'வாட்டர் புரூஃப்' என்று நாமாகச் சொல்ல வேண்டாம். தூறலைத் தாங்கும், தண்ணீரில் மூழ்கினால் ஜிப் வழியே உள்ளே போகும் என்று உள்ளதைச் சொல்வதே நல்லது.

கடையில் வைக்கும் முறை

மளிகைக் கடைக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. கேஸின் உள் துணி வாடையைப் பிடித்துக்கொள்ளும். பெருங்காயம், ஊதுபத்தி, கருவாடு இருக்கும் பக்கம் வைக்கவே வேண்டாம். எலி கடிக்கும், கண்ணாடி அலமாரி அவசியம். ஒன்றன் மேல் ஒன்றாகப் படுக்க வைத்து மேலே பாரம் ஏற்றினால் இ.வி.ஏ. மூடி குழி விழுந்து அப்படியே நின்றுவிடும். புத்தகம் போல நிற்க வைத்து அடுக்குங்கள். முதலில் வந்த சரக்கை முதலில் விற்றுவிடுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றங்கரையில் முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் பகுதிகள் பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் நினைவூட்டிவிட்டுப் போனது. ஐப்பசி பிறந்ததும் இந்த வகைச் சரக்குகளைக் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏற்றிவிடுவது நல்லது. தண்ணீர் வராவிட்டாலும் தரை ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

சட்டம் சொல்வது

மூன்று விஷயங்களில் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, லேபிள். 2011-ஆம் ஆண்டு பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, அட்டையில் அதிகபட்ச விற்பனை விலை, இறக்குமதியாளர் பெயர், முகவரி, எந்த நாட்டில் செய்தது, எந்த மாதம், ஆண்டு, புகார் தெரிவிக்கும் தொடர்பு ஆகியவை இருக்க வேண்டும். வெறும் சீன எழுத்து மட்டும் உள்ள பொட்டலத்தைக் கடையில் தொங்கவிட்டால், சோதனைக்கு வருபவர் கேட்பது நம்மைத்தான். மொத்த வியாபாரியை அல்ல.

இரண்டாவது, சின்னம். கம்பெனியின் சின்னத்தையும் அதன் கதாபாத்திரங்களையும் அனுமதியில்லாமல் அச்சிட்ட கேஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டப்படி, போலிச் சின்னமிட்ட பொருளை விற்பவருக்கும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. போதிய எச்சரிக்கையோடு வாங்கியதாகவும், யாரிடம் வாங்கினோம் என்பதையும் காட்ட முடிந்தால் தற்காத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆகவே பில் இல்லாத சரக்கு வேண்டவே வேண்டாம். 'இன்ன கருவிக்குப் பொருந்தும்' என்று எழுதியிருப்பது வேறு. அந்தக் கம்பெனியே செய்ததுபோல் சின்னம் போட்டிருப்பது வேறு.

மூன்றாவது, திரும்பப் பெறுதல். குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும், பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் திருப்பித் தராததும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 'மாற்றித் தரப்படமாட்டாது' என்ற வாசகம் இதிலிருந்து நம்மைக் காப்பாற்றாது. எனவே மொத்த வியாபாரியிடமும் இதே உறுதியை எழுதி வாங்கிக்கொண்டுதான் இப்போது சரக்கு எடுக்கிறோம். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்குவதில்லை.

ஜி.எஸ்.டி. கணக்கில் இது கேமரா உறை, கண்ணாடி உறை வரும் 4202 என்ற தலைப்பில் வரும். வரி விகிதத்தை உங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்கள் கொள்முதலில் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், அதையும் அடக்க விலையில் சேர்த்தே லாபம் பார்க்க வேண்டும்.

நம் பலம் எது?

ஆன்லைனில் இதே கேஸ் நம்மைவிடக் குறைவாகக் கிடைக்கலாம். பத்து நிமிடத்தில் வீட்டுக்குக் கொண்டு வருபவர்களும் வந்துவிட்டார்கள். விலையில் அவர்களோடு மல்லுக்கட்ட நம்மால் முடியாது. ஆனால் ஒன்று அவர்களால் முடியாது. பிள்ளையின் கருவியைக் கையில் வாங்கி, கேஸில் வைத்து, மூடிக் காட்டி, "சரியா இருக்கா தம்பி?" என்று கேட்க நம் கடையில்தான் முடியும்.

இப்போது 300 ரூபாய் அடக்கத்தில் நல்ல கேஸ் வாங்கி 380-க்கு விற்கிறோம். ஒன்றுக்கு லாபம் 80 தான். ஆனால் போன முறை 24-இல் திரும்பி வந்தது ஒன்றே ஒன்று. 23 கேஸில் 1,840 ரூபாய். அந்த ஒன்றின் முதல் 300-ஐக் கழித்தால் 1,540. முந்தைய 300 ரூபாயோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாபம் குறைத்து வைத்ததில்தான் லாபம் வந்தது.

அந்த லேத் பட்டறை நண்பர் நாலு மாதம் கழித்து, சோப்பு வாங்க வந்தார். அலமாரியில் இருந்த பலகை மாதிரியைப் பார்த்துவிட்டு, "இது என்ன அண்ணாச்சி?" என்றார். விவரம் சொன்னோம். வெர்னியரை எடுத்து மாதிரியை அளந்தார். புதிய கேஸின் உள் ஆழத்தை அளந்தார். "இது சரி" என்றார். ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் அவர் வீட்டிலிருந்து மளிகைப் பட்டியல் வந்தது. முன்பு இருந்ததில் பாதிதான். மீதிப் பாதியை இனி நாம் சம்பாதிக்க வேண்டும்.

கேஸ் என்றில்லை, நமக்குப் பழக்கமில்லாத எந்தப் புதுச் சரக்கை அலமாரியில் ஏற்றினாலும் இதே விதிதான். அரிசியை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்து வாங்கும் நாம், புதுச் சரக்கை மட்டும் அட்டைப் படத்தைப் பார்த்து வாங்கலாமா? அளந்து வாங்குவோம், சொல்லி விற்போம், திரும்பி வந்தால் முகம் கோணாமல் பெறுவோம்.